நெல்லைக்கு இரண்டு நாள்: நடை சாத்தும் நேரத்தை வைத்துத் திட்டம் போடுவது எப்படி

திருநெல்வேலிக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் பலரும் பகல் ஒரு மணிக்குப் பூட்டிய கோயில் கதவுக்கு முன்னால் நிற்கிறார்கள். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் கையில் இருக்கிறது, வண்டியும் இருக்கிறது, வரிசை மட்டும் தப்பு. கீழே உள்ளது அந்த வரிசை. இரண்டு பகல், நடுவில் ஒரு இரவு என்று வைத்துக்கொண்டு எழுதியது. ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் 7-ஆம் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

1. முதலில் ஊரை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

வரைபடத்தில் திருநெல்வேலி ஒரே புள்ளியாகத் தெரியும். ஊர்க்காரர் வாயில் அது ஜங்ஷன், டவுன், பாளை என்று மூன்று. ரயில் நிலையம் இருப்பது ஜங்ஷனில். நெல்லையப்பர் கோயில் டவுனில், ஜங்ஷனிலிருந்து மேற்கே ஈரடுக்கு மேம்பாலத்தைத் தாண்டி இரண்டு மூன்று கிலோமீட்டர். பாளையங்கோட்டை தாமிரபரணிக்குக் கிழக்கே, வண்ணார்பேட்டை தாண்டிப் பாலம் ஏறினால் வரும்.

நான்காவதாக ஒரு பெயரும் தெரிந்திருக்க வேண்டும்: வேய்ந்தான்குளம். வெளியூர் பஸ்கள் வந்து நிற்கும் புதிய பஸ் ஸ்டாண்டு அங்கேதான். “பஸ் ஸ்டாண்டு போகணும்” என்று மொட்டையாக ஆட்டோவில் ஏறினால் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டா, பாளை பஸ் ஸ்டாண்டா, புதிய பஸ் ஸ்டாண்டா என்று ஓட்டுநர் திருப்பிக் கேட்பார். கேட்காமல் கிளம்பிவிட்டால்தான் சிக்கல். “அண்ணாச்சி, டவுன் ஆர்ச்சுக்கு எவ்வளவு?” என்று இடத்தையும் கூலியையும் ஏறுமுன்னே ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

வரைபடச் செயலியில் மூன்று பெயர்களிடம் கவனமாக இருங்கள். சிற்பங்களுக்காக நீங்கள் போகவேண்டிய கிருஷ்ணாபுரம், திருச்செந்தூர் சாலையில் 13 கிலோமீட்டரில் இருக்கிறது. கடையநல்லூர் பக்கம் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் பெயர்போன இன்னொரு கிருஷ்ணாபுரம் உண்டு, அது நேர் எதிர்த்திசை. அதேபோல் ரயில் செயலியில் ‘பாபநாசம்’ என்று தேடினால் வருவது தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம். நம் பாபநாசத்துக்கு ரயிலே கிடையாது, அம்பாசமுத்திரத்தில் இறங்கித்தான் போகவேண்டும். மூன்றாவது, செங்கோட்டை வழியில் உள்ள ‘திருநெல்வேலி டவுன்’ என்ற சிறு நிலையம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முன்பதிவு செய்ய வேண்டியது ‘திருநெல்வேலி சந்திப்பு’க்கு.

2. தேதி குறிப்பது

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் பதினோரு மணிக்கு மேல் கோயில் பிரகாரத்துக் கல்லில் செருப்பில்லாத கால் தாங்காது. இது சும்மா சொல்வதில்லை, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களை அங்கே பார்க்கலாம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சீசன். நெல்லை நகரத்தில் அப்போதும் வெயில்தான், காற்று மட்டும் மேற்கிலிருந்து கொஞ்சம் குளிர்ச்சியாக வரும். சீசனுக்கு வருவதானால் சனி, ஞாயிறைத் தவிருங்கள். அறையும் கிடைக்காது, சாலையும் நகராது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ரயிலே நின்றுபோனது. அப்படி எல்லா வருடமும் நடக்காது. ஆனாலும் இந்த மாதங்களில் ஆற்றங்கரையையும் அருவிகளையும் நம்பித் திட்டம் போடாதீர்கள். மழை வலுத்தால் முதலில் மூடுவது அவைதான்.

பிறகு பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ஆனி மாதத் தேரோட்டத்தன்று டவுன் ரத வீதிகளில் வண்டி போகாது. தேர் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் சரி, சிற்பம் பார்க்க என்றால் அன்று வேண்டாம். தைப்பூசம், வைகாசி விசாகம், ஐப்பசியில் கந்த சஷ்டி நாட்களில் திருச்செந்தூர்ச் சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம், கிழக்கு வழியை அன்றைக்கு மறந்துவிட வேண்டியதுதான். ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்தய்யனார் கோயிலுக்கு ஜனம் திரளும், பாபநாசம் வழி அடைபடும். மார்கழியில் நடை முன்னதாகத் திறந்து முன்னதாகவே சாத்துவார்கள். கிரகண நாளில் கோயில்கள் பல மணி நேரம் பூட்டியிருக்கும்.

வாரத்தில் எந்த நாள்? அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோயிலில் கூட்டம் கூடுவதும் வெள்ளிக்கிழமைதான். அதனால் இரண்டு நாளில் ஒன்று வெள்ளியாக இல்லாதபடி பார்த்துக்கொண்டால் போதும். செவ்வாய், புதன் அமைதியான நாட்கள்.

3. வந்து சேர்வதும் தங்குவதும்

சென்னையிலிருந்து வருவதானால் இரவு ரயில்தான் வசதி. நெல்லை எக்ஸ்பிரஸ் விடிகாலையில் ஜங்ஷனில் விட்டுவிடும், முதல் நாள் காலை வீணாகாது. வந்தே பாரத்தில் மதியம் எழும்பூரில் ஏறினால் இரவு பத்தரைக்கு மேல் வந்து இறங்குவீர்கள், ஒரு இரவு அறை வாடகை கூடுதலாகும். வயதானவர்கள் கூட இருந்தால் அந்தச் செலவு தகும்.

முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. பொங்கல், தீபாவளிக்கு ஊர் திரும்பும் கூட்டம் பெரிது, அந்த வாரங்களில் தட்கலை நம்பி இறங்காதீர்கள். திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுங்கள். வரும்போது மதுரை வரை ஒரு ரயில், அங்கிருந்து பஸ் என்று சமாளித்துவிடலாம். திரும்பும்போது கையில் அல்வாப் பையோடு அந்த விளையாட்டு வேண்டாம்.

விமானம் என்றால் தூத்துக்குடி வாகைக்குளம். ஏறத்தாழ 30 கிலோமீட்டர்.

தங்க ஜங்ஷனோ வண்ணார்பேட்டையோ எடுங்கள். காரணம், இரண்டும் டவுனுக்கும் பாளைக்கும் நடுவில் இருக்கின்றன, எந்தப் பக்கம் போனாலும் திரும்பி வரும் தூரம் ஒன்றுதான். கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று டவுனில் அறை எடுப்பவர்கள் உண்டு. சாயங்காலம் ரத வீதிகளில் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றும்போது புரியும். விடிகாலையில் வந்து இறங்குகிறவர்கள் அறை எடுக்கும்போதே “காலை ஆறு மணிக்கு அறை கிடைக்குமா, அதற்கு அரை நாள் வாடகை தனியா?” என்று கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டால் பையை வரவேற்பில் போட்டுவிட்டுக் குளிக்காமல் கோயிலுக்குப் போகும்படி ஆகும்.

4. மத்தியானத்தை முதலில் நிரப்புங்கள்

திட்டத்தின் சாவி இதுதான். பெரும்பாலோர் காலையிலிருந்து எழுதத் தொடங்குவார்கள். நீங்கள் பகல் 12 மணியிலிருந்து 4 மணி வரை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள்.

நெல்லையப்பர் கோயில் காலை ஆறு மணி வாக்கில் திறந்து, பகல் பன்னிரண்டரை வாக்கில் சாத்தி, நாலு மணிக்கு மேல்தான் மறுபடி திறக்கும். சுற்றுவட்டாரச் சிறிய பெருமாள் கோயில்கள் பன்னிரண்டுக்கே சாத்திவிடும், சாயங்காலம் திறக்க ஐந்துகூட ஆகும். சில இடங்களில் ஒரே அர்ச்சகர் இரண்டு கோயில்களுக்குப் பூஜை செய்கிறார், அவர் வந்தால்தான் கதவு. ஆக ஒரு நாளில் கோயில் பார்க்கக் கிடைப்பது காலையில் ஐந்து மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம்.

இடையில் கிடக்கும் நான்கு மணி நேரத்துக்கு நடை சாத்தாத இடங்களை வையுங்கள்: அருங்காட்சியகம், அகழாய்வு இடம், தேவாலயத்தின் வெளிப்புறம், பாய் நெசவு, சாப்பாடு, அடுத்த ஊருக்கான பயணம். தூரப் பயணத்தைக் காலை எட்டு மணிக்கு வைப்பது நல்ல நேரத்தைச் சாலையில் கொட்டுவது.

இன்னொரு விதி: ஒரு நாளுக்கு ஒரு திசை. கிழக்கே திருச்செந்தூர்ச் சாலை, மேற்கே அம்பை (அம்பாசமுத்திரம்)–தென்காசிச் சாலை. காலையில் கிருஷ்ணாபுரம், மாலையில் குற்றாலம் என்று எழுதுகிறவர்கள் நாலு மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார்கள்.

5. முதல் நாள் காலை: நெல்லையப்பர் கோயில்

ஏழு மணிக்குள் உள்ளே இருங்கள். இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். கோயிலின் நீளம் 850 அடி, அகலம் 756 அடி என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. “ஒரு எட்டு எட்டிப் பார்த்துட்டு வந்துடலாம்” என்று நுழையும் இடமல்ல.

இது உண்மையில் இரண்டு கோயில். வடக்கே சுவாமி நெல்லையப்பர், தெற்கே காந்திமதி அம்மன், இரண்டுக்கும் கீழ ரத வீதியில் தனித்தனி வாசல். இரண்டையும் உள்ளே இணைப்பது 1647-ல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டிய சங்கிலி மண்டபம்.

சுவாமி வாசலில் செருப்பை விட்டு நுழைந்து, தரிசனம் முடித்து, சங்கிலி மண்டபம் வழியாக அம்மன் சன்னிதிக்குப் போய், அப்படியே அம்மன் வாசலில் வெளியே வந்துவிடுகிறவர்கள் பலர். செருப்பு இருப்பது மற்ற வாசலில். பத்து மணி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். சங்கிலி மண்டபம் வழியாகவே திரும்பி வந்துவிடுங்கள். போகும்போது ஒரு பக்கத் தூண்களையும் வரும்போது மறுபக்கத் தூண்களையும் பார்த்தால் மண்டபமும் முழுதாகப் பார்த்ததாகும்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பெரிய சுதை நந்தி. அதைத் தாண்டினால் மணி மண்டபத்து இசைத் தூண்கள்: ஒரே கல்லில் ஒரு பெரிய தூணும் அதைச் சுற்றி மெல்லிய சிறு தூண்களும். தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம் எழுப்பும். தூண் எவ்வளவு தடிமன், எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்துச் சுரம் மாறுகிறது. நாணயத்தாலோ சாவியாலோ தட்டிப் பார்க்காதீர்கள், தட்டித் தட்டியே தேய்ந்த இடங்கள் பளபளவென்று தெரியும். யாராவது தட்டிக் காட்ட முன்வந்தால் “வேண்டாம், பார்த்தாலே போதும்” என்று சொல்லிவிடலாம்.

பிறகு சுவாமி தரிசனம். கருவறையை ஒட்டிப் பள்ளிகொண்ட கோலத்தில் நெல்லை கோவிந்தர் இருக்கிறார். வரிசையில் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் அவரைப் பார்க்காமலே வெளியே வருவது வழக்கம்.

அடுத்து தாமிர சபை. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று, மரவேலைப்பாடு நிறைந்தது. வழி தானாகத் தெரியாது, பூக்காரரிடமோ காவலரிடமோ “தாமிர சபை எங்க இருக்கு?” என்று கேட்டுப் போங்கள். உள்ளே வெளிச்சம் குறைவு. கண் பழக ஒரு நிமிடம் நின்று, பிறகு மேலே பாருங்கள்.

கடைசியில் சங்கிலி மண்டபம், காந்திமதி அம்மன், திரும்பல்.

கோயிலுக்குள் படம் எடுப்பதற்கான விதியை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், உள்ளே போய் வாக்குவாதம் வேண்டாம். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் பிள்ளைகளிடம் “யானை பார்க்கலாம்” என்று சொல்லிக் கூட்டி வராதீர்கள். கோயில் யானை காந்திமதி 2025 ஜனவரியில் இறந்துவிட்டது.

6. முதல் நாள் மத்தியானம்: ஆற்றுக்கு அந்தப் பக்கம்

டவுனிலிருந்து பாளைக்கு நகரப் பேருந்து ஓயாமல் ஓடுகிறது. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, 2021 முதல் இந்த ஏற்பாடு. குடும்பத்தோடு வருகிறவர்கள் இதற்காகவே ஆட்டோவைத் தவிர்க்கலாம்.

பாளையில் அரசு அருங்காட்சியகம், ஊசிக்கோபுரம், பழைய கோட்டையின் மேற்கு வாசல் மூன்றும் சுற்றுவட்டத்திலேயே இருக்கின்றன. ஊசிக்கோபுரம் என்று ஊரே அழைக்கும் தூய திரித்துவப் பேராலயம் 1826-ல் எழுந்தது. வழிபாடு நடக்கும்போது உள்ளே சுற்றாதீர்கள். கோட்டை வாசலைக் கேட்டால் ஆட்டோக்காரருக்குத் தெரியாமல் போகலாம். “மேடை போலீஸ் ஸ்டேஷன்” என்று கேளுங்கள், உடனே தெரியும். பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே வேலையில்லை.

கூடுதலாக ஒன்று, என் கணக்கில் இதுதான் முதன்மையானது: ரெட்டியார்பட்டியில் உள்ள பொருநை அருங்காட்சியகம். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை அகழாய்வுகளில் கிடைத்தவற்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் கிழக்கே போவதாக இருந்தால் இதை முதல் நாளே பார்த்துவிடுவது அவசியம். அருங்காட்சியகம் பார்க்காமல் ஆதிச்சநல்லூர் போனால் குழிக்குள் பானை என்பதற்கு மேல் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. இறந்தவர்களைப் புதைத்த தாழி எப்படி மூடப்பட்டது, கூட என்ன வைத்தார்கள் என்று பார்த்துவிட்டுப் போனால் அதே குழி வேறு மாதிரித் தெரியும். வார விடுமுறை எந்த நாள் என்று கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் தேவை, ஆகவே இதையும் பாளை அருங்காட்சியகத்தையும் ஒரே மத்தியானத்தில் திணிக்க வேண்டாம்.

சின்னப் பிள்ளைகள் சிணுங்கினால் கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. வெள்ளிக்கிழமையில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் அதுவே கைகொடுக்கும்.

7. முதல் நாள் மாலை: ஆறும் அல்வாவும்

நாலரைக்கு மேல் குறுக்குத்துறை. ஆற்றுக்கு நடுவே பாறைமேல் முருகன் கோயில். வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கும், உற்சவரை முன்கூட்டியே மேலக் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மழைக்காலத்தில் போகுமுன் ஆட்டோக்காரரிடம் “ஆத்துல தண்ணி எவ்வளவு போகுது?” என்று கேட்டால் போதும், அணை நிலவரத்தையே சொல்லிவிடுவார்.

குளிப்பதானால் படித்துறைக்குப் பக்கத்திலேயே, ஊர்ப் பெண்கள் துவைக்கும் இடத்துக்கு அருகில் குளியுங்கள். தாமிரபரணியில் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது. முழங்கால் தண்ணீர் அடுத்த எட்டில் ஆளை முழுங்கும்.

அங்கிருந்து வண்ணார்பேட்டைக்கும் கொக்கிரகுளத்துக்கும் இடையே உள்ள சுலோசன முதலியார் பாலம். 1843-ல் திறந்தது, சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தது. வண்டியில் கடந்தால் பாலம் என்றே தெரியாது. கொக்கிரகுளம் பக்கம் இறங்கி ஓரமாக நின்று வளைவுகளைப் பாருங்கள்.

இருட்டிய பிறகு அல்வா. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருக்கும் இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். திறக்கும் முன்னாலேயே வரிசை நிற்கும். நிதானமாக வந்து “தீர்ந்துபோச்சு” என்று கேட்கிறவர்கள் நிறைய. அதற்காக மனம் உடைய வேண்டாம், ஜங்ஷனிலும் டவுனிலும் நல்ல அல்வாக் கடைகள் பல உண்டு. ஒரே பெயரை முன்னும் பின்னும் மாற்றி வைத்த கடைகளும் உண்டு. பலகையைப் பார்க்காமல் கூட்டத்தைப் பாருங்கள், ஊர்க்காரர் எங்கே நிற்கிறாரோ அங்கே வாங்குங்கள்.

நூறு கிராம் சூடாக வாங்கி அங்கேயே சாப்பிட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், இலையில் நெய் தங்க வேண்டும். பல்லில் ஒட்டி இழுத்தால் கோதுமைப் பால் சரியாக வேகவில்லை என்று அர்த்தம். ஊருக்கு எடுத்துப் போவதை இன்று வாங்காதீர்கள், கிளம்பும் நாளில் வாங்குங்கள்.

8. இரண்டாம் நாள், கிழக்கு வழி: வரிசையைத் தலைகீழாக்காதீர்கள்

சிற்பமும் பழமையும் வேண்டும் என்பவர்களுக்கு இது. திருச்செந்தூர்ச் சாலையில் கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று வரிசையாக வரும். வருகிற வரிசையிலேயே இறங்கிப் பார்ப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. ஆதிச்சநல்லூர் 24-ஆவது கிலோமீட்டரில் முதலிலேயே வந்துவிடுவதால் அங்கே பத்து மணிக்கு இறங்கி ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, அடுத்த இரண்டு கோயில்களிலும் பூட்டைப் பார்ப்பார்கள். போகும்போது ஆதிச்சநல்லூரைத் தாண்டிப் போங்கள், திரும்பும்போது நிறுத்துங்கள்.

எட்டு மணி வாக்கில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில். ஒன்றரை மணி நேரம் தாராளமாகக் கொடுங்கள். ஆள் உயரத் தூண் சிற்பங்கள்: அரசகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன், அரசகுமாரனைத் தூக்கிச் செல்லும் குறத்தி, கர்ணன், அர்ச்சுனன், வீரபத்திரர், ரதி, மன்மதன். முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். குனிந்து காலையும் கையையும் பாருங்கள்: குறவனின் விலா எலும்பு, தசை முறுக்கு, புடைத்த நரம்பு, விரல் நகம். பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் விழும்படி பிடித்தால் நரம்பு துலங்கும், நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். கைபேசி விளக்கே போதும். சிற்பத்தைத் தொடாதீர்கள்.

பஸ்ஸில் போனால் கண்டக்டரிடம் “கிருஷ்ணாபுரம் நிக்குமா?” என்று ஏறுமுன் கேட்க வேண்டும். திருச்செந்தூர் விரைவு வண்டிகள் நிற்காது. நிற்காத வண்டியில் ஏறிவிட்டு இறக்கிவிடச் சொல்லிச் சண்டை போட்டுப் பயனில்லை.

பத்தேகால் வாக்கில் ஸ்ரீவைகுண்டம். சாலையை விட்டுப் பாலம் ஏறி ஆற்றின் வடகரைக்குப் போக வேண்டும். பதினொன்றேகாலுக்குள் ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வார் இருந்த உறங்காப்புளி மரம் இங்கேதான். பன்னிரண்டுக்குள் முடித்துவிடலாம்.

நவதிருப்பதி என்னும் பெருமாள் கோயில்கள் ஒன்பதையும் இதே நாளில் பார்த்துவிடலாமா என்று கேட்பார்கள். பார்க்கலாம், ஆனால் அது தனி நாள். விடியக் கிளம்பி, வழி தெரிந்த ஓட்டுநரோடு, கிருஷ்ணாபுரத்தையும் ஆதிச்சநல்லூரையும் விட்டுவிட்டுப் போகும் பயணம்.

சாப்பாட்டை ஸ்ரீவைகுண்டத்திலோ ஆழ்வார்திருநகரியிலோ முடித்து, இரண்டு மணிக்கு ஆதிச்சநல்லூர். தாழிகளைத் தோண்டிய இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடி பதித்துக் காட்டியிருக்கிறார்கள், 2023-ல் திறந்தது. சுற்றிலும் மரமில்லாத பரம்பு நிலம். தொப்பி, தண்ணீர் இரண்டும் கையில் இருக்க வேண்டும், அங்கே கடை தேடாதீர்கள். நாலு மணிக்குள் நெல்லை திரும்பிவிடலாம்.

திருச்செந்தூர் வரை நீட்டிக்க நினைப்பவர்கள் ஆதிச்சநல்லூரைக் கைவிட வேண்டியிருக்கும். திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், தோளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

9. இரண்டாம் நாள், மேற்கு வழி

மலையும் தண்ணீரும் வேண்டும் என்றால் இது. தென்காசிக்கு இரண்டு சாலை: ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழி வேகமானது, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழி வயலும் வாய்க்காலுமாகப் போவது. காலையில் வேகச் சாலையில் போய், திரும்பும்போது அம்பை வழியாக வாருங்கள். காலையில் கோயில் நேரம் மிஞ்சும், மாலையில் அவசரம் இருக்காது. செங்கோட்டைப் பயணிகள் ரயிலும் அம்பை வழிதான் போகிறது.

காலை எட்டரைக்குத் தென்காசி காசி விசுவநாதர் கோயில், பத்துக்குக் குற்றாலம். குற்றாலநாதர் கோயில் பார்த்ததும் அருவிக்கு ஓடிவிடாமல் சித்திர சபைக்கு நடந்து போங்கள். கோயிலை விட்டுத் தள்ளித் தனியே இருப்பதால் பலர் தவறவிடுகிறார்கள். சுவரெல்லாம் ஓவியம். நேற்று தாமிர சபை பார்த்தவர்களுக்கு ஐந்து சபைகளில் இரண்டு முடிந்த கணக்கு.

அருவியில் காவலர் விசில் ஊதினால் உடனே வெளியே வாருங்கள். மேலே மழை பெய்வது கீழே தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் இறந்தான். சீசன் இல்லாத மாதங்களில் அருவியில் பாறை மட்டும்தான் இருக்கும். அப்போது குற்றாலத்தை விட்டுப் பாபநாசம் போங்கள், தாமிரபரணியில் வருடம் முழுக்கத் தண்ணீர் உண்டு. அகத்தியர் அருவிக்கு வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும், பிளாஸ்டிக் பையைப் பிரித்துப் பார்ப்பார்கள், சாயங்காலம் சீக்கிரம் மூடிவிடுவார்கள்.

திரும்பும் வழியில் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், பத்தமடையில் பாய். பத்தமடைக் கோரைப்பாயில் சாதாரணப் பாய் வேறு, பட்டுப்பாய் வேறு. பட்டுப்பாயில் கோரையை மிக மெலிதாகக் கிழித்து நூல் பாவில் நெய்கிறார்கள், துணி மாதிரி மடிக்கலாம். விலை பல மடங்கு. மடித்துக் காட்டச் சொல்லுங்கள், மடிப்பில் வெடிப்பு விழுந்தால் அது பட்டுப்பாய் இல்லை. மணமக்கள் பெயர் போட்ட பாய் வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், போன அன்றே கிடைக்காது.

10. சாப்பாடு

மத்தியானச் சாப்பாட்டைப் பன்னிரண்டரைக்கே முடியுங்கள். இரண்டு மணிக்கு மேல் நல்ல கடையில் ரசமும் மோரும்தான் மிஞ்சும். தேங்காய்ப்பாலில் செய்யும் சொதிக் குழம்பு எல்லா நாளும் எல்லாக் கடையிலும் கிடைக்காது, அது இங்கே கல்யாணத்துக்கு மறுநாள் வீட்டுச் சமையல். கிடைக்கும் கடையில் இஞ்சித் துவையல் கேட்டு வாங்குங்கள். தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்காமல் இருப்பது அதனால்தான். வெயில் காலத்தில் சாலையோரம் பதநீர் கிடைத்தால் காலை பத்துக்குள் குடியுங்கள், நேரமானால் புளிக்கும்.

11. கையில் இருக்க வேண்டியவை

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பத்து, இருபது ரூபாய் நோட்டாக ஐநூறு ரூபாய், செருப்புக் காவலுக்கும் நகரப் பேருந்துக்கும் ஆகும். செருப்பைப் போட்டு வைக்க ஒரு துணிப்பை. சிறிய டார்ச். ஆற்றில் இறங்கும் எண்ணம் இருந்தால் மாற்றுத் துணி, துண்டு. கழற்ற நேரம் பிடிக்கும் ஷூ வேண்டாம், ஒரு நாளில் ஆறேழு தடவை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

12. கிளம்பும் சாயங்காலம்

இரவு ரயிலென்றால் அறையைக் காலையிலேயே காலி செய்திருப்பீர்கள். பையை அறை வரவேற்பிலேயே வைத்துக்கொள்ள முன்தினம் கேட்டு வையுங்கள். ஐந்து மணிக்குள் நெல்லை திரும்பினால் அல்வா வரிசைக்கும் ரயிலுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

அல்வா அரை அரைக் கிலோவாகப் பிரித்து வாங்குங்கள். கொடுக்கவும் எளிது, பிரித்தது ஒன்றிருக்க மற்றது கெடாமலும் இருக்கும். சூடாகக் கட்டித் தருவதால் நெய் கசியும். பொட்டலத்தைத் துணிமணிப் பையில் வைக்காமல் தனிப் பையில், படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். வீட்டுக்குப் போனதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நெய் உறைந்து கல்லாகிவிடும், வெளியிலேயே ஒரு வாரம் தாங்கும். இறுகிவிட்டால் வாணலியில் போட்டு இளந்தீயில் கிளறுங்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள்.